விறகுக்குப் போனவள்

அத்தியாயம் 9

சாமான்கள் இரண்டு இரண்டாகப் போனதிலிருந்துதான் இவ்வளவும் தொடங்கியது.

அனுஜா பெனின் நாட்டுக்குத் தொண்டு வேலைக்குப் புறப்பட்டபோது பெட்டி அடுக்கியது தாய் மேரிறோஸ். ஒரே நிறத்தில் இரண்டு சட்டை. இரண்டு சீப்பு. இரண்டு துவாய். அபோமே என்ற ஊரில் அனுஜாவைத் தங்கவைத்த வீட்டுக்காரி டொஸ்ஸி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மற்றவள் எங்கே?"

அது அனுஜாவுக்கே இருபத்துமூன்று வருடமாகத் தெரியாத விஷயம். கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள், ஒரே ஒரு நாள் மூச்சு விட்டாள் என்று போன கிழமை மேரிறோஸ் ஃபோனில் அழுதழுது சொல்லி முடித்தாள். அனுஜா அழவில்லை.

"அம்மா, இந்த வீட்டிலை வந்த நாள் துடக்கம் எனக்கு ரெண்டு சாப்பாட்டுக் கோப்பை வைக்கினம்," என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் திரும்பவும் ஃபோன் அடித்தது.

அன்று தகப்பன் அம்புறோசுக்கு லீவு. ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிப் பழகின கை லீவு நாளிலும் சும்மா கிடக்காது. தேத்தண்ணி குடித்து முடிக்க முதலே கையில் கழுவுகிற பஞ்சு இருந்தது. பாரிஸ் நகரத்து லாச்சப்பலில் ஐந்தாம் மாடி வீடு. ஜன்னலுக்குக் கீழே கார் து நோர் ஸ்டேஷனுக்குப் போகிற தண்டவாளங்கள். ரயில் போகிற நேரம் அலுமாரிக்கு மேலே இருக்கிற மாதா சுரூபம் மெல்ல ஆடும். ஆடி ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேரிறோஸ் நேரே திருப்பி வைப்பாள்.

திரையில் முதலில் டொஸ்ஸியின் முகம் வந்தது. அகன்ற நெற்றி, புகையிலை நிறப் பல். பின்னால் சிவப்பு மண் முற்றம். பாலைவனப் பக்கமிருந்து வருகிற தூசிக் காற்று அங்கே பகலையே மங்கலாக்கியிருந்தது.

"பொன் அரிவே," என்று மேரிறோசுக்கு ஒரு விரல் நீட்டினாள். "பொன் அரிவே," என்று அம்புறோசுக்கு மற்றொரு விரல்.

நல்வரவு என்று அர்த்தம். அந்த வீட்டில் வந்தவர்களை மொத்தமாக வரவேற்கிற பழக்கமில்லை. முகத்துக்கு ஒன்று. ஃபோன் என்றாலும் அதுதான்.

அனுஜா ஃபோனை வாங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா, மரம் கொத்திறவர் வந்திட்டார். தங்கச்சிக்கு உருவம் செய்யப் போகினம். இந்தளவுதான், என்ரை கையளவு. அதைக் குளிப்பாட்டி, சாப்பாடு வைச்சு, நான் போற இடமெல்லாம் கொண்டு போகோணுமாம்."

"சுரூபமோ?" என்றார் அம்புறோஸ். "உது எங்கடை வேதத்திலை இல்லாத வேலையெல்லோ. பாதர் கேட்டால் கொம்மா என்ன சொல்லுவா?"

"பாதருக்குப் பிள்ளை செத்ததோ?" என்றாள் மேரிறோஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. இஞ்சை இரட்டையிலை ஒண்டு போனால் அப்பிடிச் சொல்ல மாட்டினம். விறகு பொறுக்கக் காட்டுக்குப் போட்டுது எண்டுதான் சொல்லுவினம்."

மேரிறோஸ் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள். விறகு பொறுக்க.

"மண் வேணுமம்மா. தங்கச்சி இருக்கிற இடத்து மண், ஒரு கரண்டி. உருவத்தின்ரை வயித்துக்குள்ளை வைக்க. இந்த ஊரிலை எல்லாரும் அப்பிடிச் செய்யிறேல்லை, டொஸ்ஸியின்ரை வீட்டு வழக்கமாம். அவவுக்கு மூத்தவை ரெண்டு பேரும் இரட்டை. இரட்டைக்குப் பிறகு பிறக்கிற பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் டொஸ்ஸி எண்டு பேர் வைக்கிறது. அவ சின்னனிலையிருந்து உதுதான் பாக்கிறா. எங்களோடை வேலை செய்யிற டேமியன் நாளைக்குப் பரிசிலையிருந்து இஞ்சை வெளிக்கிடுறான். பின்னேரம் ஆறு மணிக்குக் கார் து நோரிலை நிப்பான். அவனிட்டைக் குடுங்கோ."

"ஏன் பிள்ளை இவ்வளவு அவசரம்?"

அனுஜா முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். தமிழ் விளங்காத வீட்டில் குரலைக் குறைக்கத் தேவையில்லை. என்றாலும் குறைத்தாள்.

"மூண்டு நாளா என்ரை அறை வாசலிலை சுள்ளி கிடக்குது. முதல் நாள் ஒண்டு. பேந்து ரெண்டு மூண்டு. இண்டைக்குக் கட்டாக் கட்டிக் கிடந்தது."

"அந்த வீட்டுச் சின்னனுகள் செய்திருக்குங்கள்."

"கேட்டனான். ஒருத்தரும் சிரிக்கேல்லை. செய்திருந்தால் சிரிச்சிருப்பினம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கட்டின நூல் நீலம் அம்மா. நீங்கள் தந்த ரெண்டாவது சட்டையிலை நூல் உருவிக் கிடக்கு. அதை நான் ஒரு நாளும் போடேல்லை. பெட்டிக்குள்ளைதான் இருந்தது, பூட்டி."

மேரிறோஸ் எழும்பிவிட்டாள். "நான் இப்பவே போறன்."

"உனக்குப் பத்து மணிக்கு வேலையெல்லோ," என்றார் அம்புறோஸ். "ஒபிசு துடைக்காட்டி அவன் சும்மா விடுவானே. நீ போ. மண் நான் எடுத்தாறன்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த பஞ்சைப் பிழிந்தார்.

மேரிறோஸ் ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தாள். புதுக் கைலேஞ்சி ஒன்று, மெழுகுதிரி ஒன்று, சின்னக் கரண்டி ஒன்று. எல்லாவற்றையும் அவருடைய பையில் வைத்தாள்.

"தலைமாட்டிலை எடுங்கோ. கால்மாட்டிலை எடுக்காதேங்கோ. எடுக்க முதல் பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டு எடுங்கோ."

"ஓம்," என்றார் அம்புறோஸ்.

அங்கே அவர்களுடைய பிள்ளை இல்லை. அது அம்புறோசுக்கு மட்டும் தெரியும்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பரை அவர் முன்னால் வைத்தார்கள். மேரிறோஸ் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவருக்கு அப்போது எந்தப் பாஷையிலும் எழுத்துத் தெரியாது. மன்னாரில் வலை இழுத்த பிள்ளை, பள்ளிக்கூடம் போனதில்லை. தன் பெயரை மட்டும், விசா அலுவலுக்காக, மீன் படம் கீறுவது மாதிரிக் கீறப் பழகியிருந்தார். நேர்ஸ் பிள்ளை பிரெஞ்சில் மெதுவாகத்தான் சொன்னது. அதில் 'ஆஸ்பத்திரி', 'நாங்கள்', 'எடுப்பம்' என்ற மூன்று சொல்தான் விளங்கியது. அவர் கையெழுத்தாக அந்த மீனைக் கீறிக் கொடுத்தார்.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் ஒருவன் ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் பைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனான். அம்புறோஸ் அந்தப் பைகளைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வண்டியின் சில்லுச் சத்தம் அவருடைய காதை விட்டுப் போகவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று மேரிறோஸ் கேட்டாள், "பிள்ளையை எங்கை வைச்சனீங்கள்?"

"சவக்காலையிலை."

பிறகு காட்ட வேண்டி வந்தது. எபினே-சூர்-செய்ன் என்ற ஊர் தாண்டி ஒரு சவக்காலை. சின்னப் பிள்ளைகளின் பக்கம். பெயரில்லாத ஒரு சின்ன மேடு, சிலுவையும் சாய்ந்து கிடந்தது. "இதுதான்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மரித்தோர் தினத்துக்கும் அவள் அங்கே மெழுகுதிரி கொளுத்துகிறாள். சிலுவையை அவர்தான் சீமெந்து போட்டு நிமிர்த்தினார்.

இந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த மேட்டுக்கு முன்னால் போய் நின்றார். மாசி மாதக் குளிர். ஒரு சனமும் இல்லை.

மேட்டின் மேல் சுள்ளிகள் கிடந்தன.

சவக்காலை என்றால் மரம் இருக்கும், மரம் என்றால் சுள்ளி விழும். அவர் குனிந்து பார்த்தார். ஏழு சுள்ளி. எல்லாம் ஒரே நீளம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, தலை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. காற்று இறைக்கும். அடுக்காது.

கரண்டியைத் தலைமாட்டில் வைத்தார். அமத்தினார். மண் இறுகிக் கிடந்தது. கொஞ்சம் அசைந்து கொடுத்ததும் கை தானாக நின்றுவிட்டது.

"நீ ஆற்றை பிள்ளையோ எனக்குத் தெரியாது," என்றார் மெதுவாக. "இவ்வளவு காலமும் உன்ரை இடத்திலை நாங்கள் வந்து இருந்திட்டம். உன்ரை மண்ணையும் எடுத்தால் அது சரியில்லை."

மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார். சுள்ளிகளைத் தொடவில்லை. வாசல் வரைக்கும் திரும்பியும் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஸ்டாலின்கிராட் என்ற மெற்றோ ஸ்டேஷனில் இறங்கி, மேலே மெற்றோ ஓடுகிற பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் குந்தினார். கறுத்த மண், சிகரெட் அடிகள், ஒரு பியர் மூடி. அவற்றை விலக்கிக் கரண்டியால் கிளறினார்.

"என்ன அம்புறோஸ் அண்ணை, பரிசிலை தோட்டம் துடங்கிட்டியளோ?"

நிமிர்ந்தார். இராஜதுரை. லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவன்.

"பூச்சாடிக்கு மண்."

"இந்த மண்ணிலையோ? நாய் எல்லாம் கால் தூக்கிற மண் அண்ணை. கடைக்கு வாங்கோ, நல்ல பசளை மண் பைக்கற்றிலை கிடக்கு."

"காணும் தம்பி. இது காணும்."

இராஜதுரை போத்தலைப் பார்த்தான், புதுக் கைலேஞ்சியைப் பார்த்தான், பிறகு தன் வழியே போனான்.

நாலு மணிக்கு மேரிறோஸ் வேலையால் வந்தாள். கையில் குளோரின் மணம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேசையிலிருந்த போத்தலை இரண்டு கையாலும் தூக்கினாள். கன்னத்தில் வைத்தாள்.

"கனக்குது," என்றாள். "பிறக்கேக்கை ரெண்டு பேரிலையும் அவள்தான் பாரம். தெரியுமே உங்களுக்கு? அனுஜா சின்னன். இவள்தான் பாரம்."

அம்புறோஸ் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

"சொல்லிப்போட்டோ எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

அவர் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அவர்களே ஃபோன் எடுத்தார்கள். இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். முன்னால் போத்தல். டொஸ்ஸி திரைக்குக் கிட்ட வந்தாள்.

"பொன் அரிவே." மேரிறோசுக்கு.

"பொன் அரிவே." அம்புறோசுக்கு.

பிறகு விரலைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு சின்னப் பிள்ளையின் தலை இருக்கக்கூடிய உயரத்தில் நீட்டினாள்.

"பொன் அரிவே."

மேரிறோஸ் சிரிக்கப் பார்த்தாள். "நாங்கள் ரெண்டு பேர்தான் எண்டு சொல்லு பிள்ளை. கண் தெரியேல்லைப் போல."

அனுஜா பிரெஞ்சில் சொன்னாள். டொஸ்ஸி ஏதோ பதில் சொன்னாள். அனுஜா அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையம்மா. போத்தலைக் கிட்டக் காட்டுங்கோ."

மேரிறோஸ் மூடியைத் திறந்து போத்தலை ஃபோனுக்கு முன்னால் பிடித்தாள். டொஸ்ஸி பார்க்கவில்லை. காதைத் திருப்பித் திரையில் வைத்தாள். அவளுடைய காதும் அதில் தொங்கின பித்தளைத் தோடும்தான் திரை முழுக்கத் தெரிந்தன. வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து இரண்டே இரண்டு வசனம் சொன்னாள்.

அனுஜாவின் முகம் மாறியது.

"அம்மா... இதுக்குள்ளை ஒருத்தரும் இல்லையாம். தெருவிலை எல்லாரும் மிதிச்ச மண்ணாம்."

"விசர்க் கதை," என்றாள் மேரிறோஸ். "அப்பா காலமை போய் எடுத்தவர்." அவரைப் பார்த்தாள். "சொல்லுங்கோவன்."

ரயில் ஒன்றும் போகவில்லை. அலுமாரிக்கு மேலே மாதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. போன ஞாயிறுதான் திருப்பி வைத்தது.

"மேரி," என்றார் அம்புறோஸ். "அது ஸ்டாலின்கிராட் மண்."

பிறகு மற்றதையும் சொன்னார். மீனைக் கீறினது, மூன்று சொல், மஞ்சள் பை, சாய்ந்து கிடந்த சிலுவை. சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. கோப்பைகளைக் கழுவி அடுக்குவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார்.

மேரிறோஸ் ஃபோனை எடுத்து மேசையில் குப்புற வைத்தாள். நிற்பாட்டவில்லை. அதற்குள்ளிருந்து அபோமே முற்றத்துக் கோழிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் ஆற்றை பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்?"

"தெரியாது."

"அந்தப் பிள்ளையிட்டை வேறை ஒருத்தரும் வாறேல்லையோ?"

"நான் ஒரு நாளும் காணேல்லை."

"அப்ப அது பரவாயில்லை." கையால் மேசையைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "என்ரை பிள்ளையிட்டை ஆர் போனது?"

அவர் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"நீங்கள் மீன் கீறிக் குடுத்த அந்தப் பப்பியே, அந்தப் பேப்பர் எங்கை?"

"கிடக்கு."

"எறியேல்லையோ?"

"எறியிறதுக்கும் கை வரேல்லை."

பழைய விசாக் கடிதங்கள் வைத்த சூட்கேசுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். நாலாக மடித்து, மடிப்பில் மஞ்சளாகி. நாற்பத்திரண்டு வயதில் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் அவர் எழுத்துப் படித்தவர். முதலில் தமிழ், பிறகு பிரெஞ்சு. அதற்குப் பிறகு கண்ணில் படுகிறதெல்லாம் வாசிப்பார். மருந்துப் பெட்டி, மெற்றோப் பலகை, ரெஸ்ரோரண்டுக் குப்பையில் கிடக்கிற பேப்பர். இதை மட்டும் விரித்ததில்லை. வாசிக்காத வரைக்கும் மஞ்சள் பை அதில் எழுதப்படாமலும் இருக்கலாம்.

"வாசியுங்கோ," என்றாள் மேரிறோஸ்.

"மேரி..."

"எனக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வாசியுங்கோ."

விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசித்தார். பெண் பிள்ளை. பிறந்த நேரம். போன நேரம். தாயின் பெயர். கீழே இரண்டு சின்னப் பெட்டி. இரண்டாவதில் புள்ளடி.

"குடும்பத்தாலை ஏலாதபடியால்... ஆஸ்பத்திரிச் செலவிலை..." அடுத்த சொல்லில் நின்றார். திரும்ப முதலெழுத்திலிருந்து கூட்டினார். "அடக்கம்."

"என்ன?"

"அடக்கம் எண்டு போட்டிருக்கு. எறியேல்லை மேரி. அடக்கம் செய்திருக்கினம். இடமும் போட்டிருக்கு. பரிசுக்குத் தெற்குப் பக்கச் சவக்காலை. பிரிவு பதினேழு. வரிசை நாலு. இலக்கம் பதினொண்டு."

மேரிறோஸ் வாயைப் பொத்தினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் விரல்களுக்கு ஊடாக வந்தது.

"இலக்கம் குடுத்திருக்கினம்," என்றாள். "என்ரை பிள்ளைக்கு ஒரு இலக்கம் இருந்திருக்கு."

குப்புறக் கிடந்த ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள். "பிள்ளை, கேட்டனியே? நாளைக்கு விடிய முதல் ரயிலிலை நாங்கள் ரெண்டு பேரும் போறம். ஆறு மணிக்கு டேமியனிட்டை மண் குடுப்பம். டொஸ்ஸி அம்மாட்டைச் சொல்லு. விறகு பொறுக்கினது காணும், அவளை வரச் சொல்லி."

அம்புறோசின் கண் தாளில் இன்னும் கீழே போனது. அடியில், மிகச் சின்ன எழுத்தில், இன்னொரு வரி. மனதுக்குள் கூட்டினார். *ஐந்து வருடத்துக்கு மட்டும். அதன் பிறகு இடம் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும்.*

ஐந்து வருடம் முடிந்து பதினெட்டு வருடம்.

"அவ்வளவுதானோ?" என்றாள் மேரிறோஸ்.

அவளுடைய முகத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை.

"அவ்வளவுதான்," என்று சொல்லி, அந்த வரிக்கு மேல் பெருவிரலை வைத்தார்.

ஃபோனுக்குள் கோழிச் சத்தம் நின்றது. டொஸ்ஸியின் குரல் ஏதோ சொன்னது. பிறகு அனுஜாவின் குரல்.

"அப்பா... உங்கடை விரலுக்குக் கீழை என்ன எழுதியிருக்கெண்டு டொஸ்ஸி கேக்கச் சொல்லுறா."

ஃபோன் குப்புறத்தான் கிடந்தது.